புகார் எண் பதினேழு

நகராட்சி கொடுத்த பையில் இரண்டு கருவிகள்.
ஒன்று ஒலியை அளக்கும், மற்றது மதுவின் வீரியத்தை.
பேஜாவிலிருந்து நாற்பது நிமிடம்.
நவம்பர் பதினொன்று. மழை நின்ற அலென்தேஜுவில்
சிவந்த சேறு கார்க் கதவு வரை ஏறியிருந்தது.

அதெலீனோவின் மதுக்கடையில் ஆள் உயர மண்சாடிகள் ஏழு.
உள்ளே பிசின் பூச்சு, வெளியே சுண்ணாம்பில் எண்.
செப்டம்பரில் போட்ட திராட்சை
தோலும் கொட்டையும் காம்புமாய் அடியில் படிந்து
சும்மா கிடக்கிறது.
இன்றைக்குத்தான் திறப்பு.

அடிப்பக்கத் துளையில் மரக்குழாயை அடித்து இறக்கினான்.
முதலில் வந்தது கலங்கல்.
யாரும் முகம் சுளிக்கவில்லை.
வாளியில் பிடித்து, ஏணி ஏறி,
அதே சாடியின் வாயில் ஊற்றினான்.
மறுபடி பிடித்தான். மறுபடி ஏறினான்.
தன் சக்கையே தனக்குச் சல்லடையாக
தன் வழியே தானிறங்கி
ஐந்தாம் முறை தேறியது:
வைக்கோல் நிறம். ஊடே பல்பின் இழை தெரிந்தது.
பதின்மூன்று புள்ளி இரண்டு.
எழுதிக்கொண்டேன்.

பிறகு பாட்டு.
புகார் இதன் மேல்தான்.

பதினோரு ஆண்கள் கையோடு கை கோத்து
நின்ற இடத்திலேயே நடப்பதுபோல் அசைந்தார்கள்.
வாத்தியம் ஒன்றுமில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டும் பல்த்தசார் தனியாக எடுத்தான்,
தொண்டையில் கரகரப்பு, சுருதி எங்கோ.
கலங்கல், என்று நினைத்தேன்.
அடுத்த வரியை ஒல்லியான தபால்காரன்
மேலே ஏறிப் பிடித்தான்.
பிறகு எல்லோரும், தரையிலிருந்து.
அறுவடை முடிந்த கோதுமைக் காடு, ஒரு தகைவிலான்,
அவ்வளவுதான் சேதி. அதையே திரும்பத் திரும்ப
ஒருவன் மார்பில் ஊற்றி
இன்னொருவன் மார்பில் பிடித்தார்கள்.

முள் எண்பத்தெட்டைத் தொட்டது.
ஒருவன் விட்டு மற்றவன் எடுக்குமுன்
ஒரு மூச்சு அளவு இடைவெளி.
அங்கே முப்பத்தொன்றுக்கு விழுந்தது.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அங்கேதான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்து அடித்தது. அதெலீனோ என்னைப் பார்த்தான்,
சட்டத்தைப் பார்ப்பதுபோல். கையை உயர்த்தினான்.
பாட்டு பாதியில் நின்றது.
ஆளாளுக்குத் தொப்பியைத் தேடினார்கள்.

பக்கத்து வீடு. புகார்தாரர் சுல்மீரா.
இரவு உடையின் மேல் மழைக்கோட்டு.
"இரைச்சல் பற்றி எழுதியிருந்தீர்கள்" என்றேன்.
"இரைச்சல் என்று நான் எழுதவில்லை.
உங்கள் படிவத்தில் வேறு கட்டம் இல்லை.
தினமும் பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள்,
கடைசிச் சரணத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு.
சுவருக்கு இந்தப் பக்கம்
விடியும் வரை அது எனக்குள் புரள்கிறது.
முடிக்கச் சொல்லுங்கள்.
இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

நீங்களே போய்ச் சொல்லலாமே?

"நான்காம் எண் சாடி என் அப்பாவுடையது.
அது இந்த வீட்டுக்கு வரட்டும். பிறகு அங்கே போகிறேன்."

கடைசிச் சரணம் என்ன என்று கேட்டேன்.
மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல் சொன்னாள்.
பழக்கதோஷம், கருவியைப் போட்டிருந்தேன்:
நாற்பத்திரண்டு.
சொல்லி முடித்ததும் கதவைச் சாத்தினாள்.
உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை
சரியான தாளத்தில் இருந்தது.

திரும்பும் வழியில் பாலத்தருகே காரை நிறுத்தினேன்.
பரிசோதனைக்கு எடுத்த புட்டி
குலுங்கலில் மறுபடி கலங்கிக் கிடந்தது.
தெளியட்டும் என்று விளக்கை அணைத்தேன்.
படிவம் மடியில், முடிவு என்ற இடம் காலி.
யாருமில்லை. பல்த்தசாரின் முதல் வரியை
முனகிப் பார்த்தேன்.

கலங்கல்தான்.
மறுபடி ஊற்றினேன்.