வளைந்த கத்தி ஒன்று

புதன்கிழமை பத்தேகாலுக்கு
நொத்தாரிசு ஐயா என்னை அனுப்பினார்.
டைக் வீதியில் துவான் ஜயா பொங்ஸோ மௌத்து.
பெட்டி திறக்க முன்னம் போய் நில்,
இரண்டு கிளையும் பிடுங்குப்படும் என்றார்.

கிளை என்றால் மாமரக் கிளையில்லை.
தெலோக் செனாங்கின் என்றொரு ராச்சியம்,
காலா மீன் குடா என்று அர்த்தமாம்,
எந்த வரைபடத்திலும் நான் கண்டதில்லை.
அங்கே ஆற்றின் மேல்வீடு ஒருமுறை ஆண்டால்
மறுமுறை கீழ்வீடு.
மகன் இருக்கத் தம்பி வரலாம்,
தம்பி இருக்கச் சிற்றப்பன் பேரன் வரலாம்,
முறை தப்பினால் ஆறு திரும்பி ஓடும்.
ஒல்லாந்தன் ஒருநாள் அந்த ராசாவைக்
கப்பலேற்றி இந்தக் கோட்டையில் இறக்கினான்.
ஆறு கூட வரவில்லை.
முறை வந்தது.
டச்சுக் குடாப் பக்கம் மேல்வீடு,
உட்துறைமுக வீதியில் கீழ்வீடு.

அடுத்தவன் பெயரைச் சொல்லாமல்
போனவனை எடுக்கக் கூடாது.
சொன்னதும் மூன்று தரம் முரசு.
முரசு கடலோடு போய்ச் சேர்ந்தது.
எழுபத்தொன்றில் ஜயாவின் முறைக்குத்
துறைமுகச் சங்கு தற்செயலாய் ஊத,
போதும் என்று எடுத்துக்கொண்டார்களாம்.
ராசாவானவர் அன்று பின்னேரமே
மின்சார சபை ஏணியைத் தோளில் போட்டு
உப்புவெளிக்குக் கம்பி கட்டப் போனார்.

தொண்ணூறில் ஆயுதம் ஒப்படை என்று
ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி வந்தார்கள்.
கிரிஸைத் தலையணை உறையில் சுற்றிக்
கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு திரும்பினார்.
சிங்களத்தில் கான்ஸ்டபிள் எழுதியிருந்தான்:
கத்தி ஒன்று. வளைந்தது. பிடி உடைவு.
ராச்சியத்தில் மிச்சம் அந்தச் சீட்டுத்தான்.

கபனிட்டுக் கிடத்தியிருந்தது.
இமாம் மணிக்கூட்டைப் பார்த்தார், லுஹர் நெருங்குகிறது.
மூத்தவன் தோஹாவிலிருந்து வீடியோவில்
ஏதோ சொல்ல வாய் திறந்தபடி உறைந்துபோனான்.
இளையவன் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை,
இருக்கிற லீசிங்கே போதும் என்றான்.
முறைப்படி கீழ்வீடு.
துவான் ஸல்டீன் குத்திலான்,
ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட்,
முப்பத்திரண்டு வருசமாய் இந்த மௌத்துக்குக் காத்திருந்தவர்,
ஸ்திரிக்கை மடிப்புக் கலையாத மஞ்சள் சாரத்தோடு
முன்னுக்கு வந்தார்.
சீட்டு எங்கே?

வீடு எனக்குச் சீதனம், என்றாள் சித்தி ருஹைனா.
சீட்டு வீட்டோடை.
இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு.
அந்த ஆற்றுக்கு இது தெரியாது.
அவள் என் பக்கம் திரும்பினாள்:
கிளாக்கர், சொல்லுங்கோ,
இது அசையும் ஆதனமா, அசையா ஆதனமா?

பதினெட்டு வருசம் உறுதி எழுதுகிறேன்.
கிணற்றில் பங்கு, தென்னையில் பங்கு,
வழிவாய்க்கால் நடக்கும் உரிமை,
எல்லாம் எழுதியிருக்கிறேன்.
வேர்வையில் பேனை வழுக்கியது.

கார்ட் சீட்டை வாங்கிப் பார்த்தார்.
சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்.
பிடி உடைவு என்ற இடத்தில் நின்றார்,
உடைத்தது நான், என்றார், ஒன்பது வயதில்,
ஜயா தான் உடைத்ததாய்ச் சொல்லி அடிவாங்கினான்.
யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
சட்டைப்பைக்குள் கைவிட்டு
ரயில்வே விசிலை எடுத்துப் பல்லிடையில் வைத்து
ஒரு பெயர் சொன்னார்.
எனக்கு ‘ரு’ மட்டும் கேட்டது.
பிறகு ஊதினார். மூன்று தரம்.
வாசலில் வாழைத்தோல் தின்ற கோட்டை மான்
கான் தாண்டி ஓடியது.

சந்தூக்கைத் தோள் மாற்றும்போது
இளையவன் சொன்னான்:
எங்கட முறையில் முரசடித்த வீடு
பிறகு ஒருக்காலும் ஆளேலாது.
கார்ட் முன்னால் நடந்துகொண்டிருந்தார்,
சாரத்தில் சேறு பட்டிருந்தது.

பின்னேரம் கந்தோரில் உட்கார்ந்து
அசையா ஆதனத்தின் கீழ்
கிணறு, மதில், மலசலகூடத்துக்கு அடுத்ததாய் எழுதினேன்:
கத்தி ஒன்று, வளைந்தது.
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.