தளர்த்திய கம்பி

ஐஸ் உடைக்கிற மெசின்
அன்ஸ்லி பாத்தலட்டின் வலது கையில்
இரண்டு விரல் நுனியை எடுத்தது
ஒரு வியாழக்கிழமை. சூடை மலிந்த நாட்கள்.
கொட்பே துறைமுகத்தில் எல்லாருக்கும் அவசரம்.
சிவந்துபோன ஒரு கூடை ஐஸைக்
கடலில் கொட்டிவிட்டு
அடுத்த கூடையை நீட்டினார்கள்.

அவன் இடக்கைக்காரன்.
கிற்றாரில் கம்பியை அழுத்துகிற கை அது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குந்தியிருந்து
நவ்பர் சொன்னான்:
"பர்மிங்ஹாம் எண்டு ஒரு ஊர் மச்சான்.
தகரத் தொழிற்சாலை.
வேலையை விட்டுட்டுப் போற கடைசி நாள்
ஒரு பொடியனுக்கு இதே கை, ரெண்டு விரல்.
போத்திலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்தான்.
அழுத்த நோகுதெண்டு பிறகு கம்பியைத் தளர்த்தினான்.
தளர்ந்த கம்பி கீழ இறங்கி உறுமிச்சுது.
மெற்றல் எண்டு உலகம் அதுக்குப் பேர் வைச்சுது."

அன்ஸ்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
"அவனுக்கு பர்மிங்ஹாம்.
எனக்குப் பாலையூற்று."

மூன்று மாதம் யாரோடும் கதைக்கவில்லை.
நான்காம் மாதம் ஒரு மத்தியானம்
என் வீட்டுப் படலையைத் தட்டினான்.
வலை மிதப்புக் கட்டையில் செதுக்கிய இரண்டு தொப்பி.
உள்ளே சைக்கிள் ரியூப்,
மேலே அம்மாவின் பிய்ந்த கைப்பைத் தோல்.
"சுகிர்தா, உன்ர பேஸையும் இறக்கு."
இறக்கினேன்.
"இன்னும்."
ஈரச்சாரம் போட்ட கொடிபோலக் கம்பி தொய்ந்தது.
ஒரே ஒரு தட்டு.
கூரைத் தகரத்திலிருந்த காகங்கள்
எழும்பி உட்துறைமுகப் பக்கம் போயின.
அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டா
லொறி ஏதும் பிரண்டுட்டுதோ என்று.

பிறகு, திருவிழாவின் கடைசி இரவு.
நாடகத்துக்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கும் நடுவில்
பன்னிரண்டு நிமிடம் தந்தார்கள்.
பாதர் கேட்டது ஒன்றே ஒன்று:
"பிசாசைப் பற்றிப் பாட்டோ?"
"இல்லை பாதர். ஐஸைப் பற்றி."
அவர் யோசித்தார். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

வாடகைக் குழாய் ஸ்பீக்கர் நாலு.
முன்வரிசையில் கபரிஞ்ஞா ஆட உடுத்து வந்த பெண்கள்
காதைப் பொத்தினார்கள்,
கால் மட்டும் நிற்கவில்லை.
மூன்றாம் நிமிடம்தான் எனக்கு விளங்கியது
அவன் எதை வாசிக்கிறான் என்று.
இரண்டு அடி. ஒரு நீண்ட இழுவை.
பல்லில் ஏதோ சிக்கி நிற்கிற
ஒரு நொடி.
திரும்ப இரண்டு அடி.

பின்வரிசையில் கொட்பேப் பொடியள்
ஆளையாள் பார்த்தார்கள்.
ஒருவன் மெல்லக்
கையைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அந்த நொடி வரும்போதெல்லாம்
அன்ஸ்லி கண்ணை மூடவில்லை.
நான்தான் மூடினேன்.

நான்காம் நிமிடம் கறண்ட் போனது.
கிற்றார் செத்தது, பேஸ் செத்தது.
நவ்பருக்கு மட்டும் கறண்ட் தேவையில்லை.
இருட்டில் அவன் அடித்தான்,
இரண்டு அடி, இடைவெளி, இரண்டு அடி,
இழுவை இருக்க வேண்டிய இடத்தில்
டச்பே காற்று.
சனம் விசிலடித்தது. யாரோ ஜெனரேற்றர்காரனின்
ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்.

வெளிச்சம் வந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது.
அன்ஸ்லியின் விரலில் ஒரு தொப்பி இல்லை.
சீட்டுக் குலுக்கல் தொடங்கி
பிறஷர் குக்கர் ஒன்று யாருக்கோ விழுந்த பிறகு
ஒரு சின்னப் பெட்டை மேடைக்கு ஏறிவந்து
உள்ளங்கையை விரித்தாள்:
"அங்கிள், இது உங்கட பல்லோ?"

வாங்கிப் போட்டுக்கொண்டான்.
திங்கட்கிழமை விடிய நாலு மணிக்கு
ஐஸ் கம்பெனிக்குப் போனான்.
மெசினுக்கு இப்போது ஒரு கம்பிவலை மூடி உண்டு என்றான்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரவில் மிஞ்சியது
கேதாரன் போனில் பிடித்த நாலு நிமிடம்.
பாதிக்கு மேல் காற்று. ரோல்ஸ் விற்கிற குரல்.
படம் முழுக்க ஒருவரின் பிடரி.
கடைசியில் இருட்டு, இருட்டுக்குள் அடி,
பிறகு அதுவும் நிற்க
ஒரு பெண் பக்கத்தில் கேட்கிறாள்:
"முடிஞ்சுதோ?"

ஒருவரும் பதில் சொல்லாமல்
இன்னும் பதினொரு வினாடி ஓடுகிறது.