ஆரஞ்சு மிதவை

விதிப் புத்தகம் கேட்பது இவ்வளவுதான்:
நிஜமாகவே கடலைத் தொட்ட கப்பலாக இருக்கணும்,
நூற்று நாற்பத்து நாலில் ஒரு பங்கு,
பக்கமெல்லாம் பால்சா,
குண்டு பட்டால் ஓட்டை விழணும்.

பூன் ஹெங் பிஸ்மார்க்கைப் பிடித்துக்கொண்டான்.
எட்டுப் பீரங்கி; திரும்புவதற்கு அரைக் குளம் வேணும்.
ஷாருலுக்கு யமாதோ,
அவன் கார் டிக்கி மூடாது.
எனக்கு எம்டன் என்று
அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள்.
அம்மா என்னை வைகிற பெயரும் அதுதான்,
எம்டன்:
பொய்யாக ஒரு நாலாம் புகைபோக்கி மாட்டிக்கொண்டு
விடியுமுன் இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்தது.

இரவு ஷிப்டு முடிந்து
பட்டர்வர்த் ஃபெரியில் நின்றபோது
அதே தண்ணீர்.
இங்கேதான் ஜெம்சுக் நங்கூரமிட்டுத் தூங்கியது.
ரஷ்ய மொழியில் முத்தாம்.
கேப்டன் கரையில்.
குண்டுகள் பூட்டிய அறையில்.

"தோற்ற கப்பலையா, திலகேஸ்வரி?"
எழுபத்தேழு சென்டிமீட்டர்,
சட்டென்று திரும்பும் என்றேன்.
அது பாதிக் காரணம்.

ஞாயிறு, ரேலாவ் மீன்குளம்.
இந்தத் தடவை கேப்டன் விழித்துத்தான் இருந்தாள்.
பிஸ்மார்க்கின் பின்பக்கத்தில் நாலு ஓட்டை போட்டாள்.
ஆறாம் நிமிடம் பம்பில் பாசி அடைத்தது.
அவ்வளவுதான்.

விதிப் புத்தகத்தில் இன்னொரு வரி உண்டு:
மூழ்கிய இடம் காட்ட
ஒரு மிதவை, ஆறடிக் கயிறு.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கினேன்.
வயிறெல்லாம் சேறு,
உள்ளே ஒரு திலாப்பியா குஞ்சு துள்ளியது.

"அடுத்த ரவுண்டு பத்து மணிக்கு," என்றான் ஷாருல்.
டேப்பைப் பல்லால் கடித்தேன்.