தலை இல்லாத தபால்தலை

பிராஸ் பாசா கடைத்தொகுதி, மூன்றாம் தளம்.
குளிர்சாதனம் சொட்டுகிறது, கீழே வாளி.
செவ்வாய்க்கிழமை யாரும் வருவதில்லை.

வந்தார் ஒருவர், ரபாவுலிலிருந்து.
பெனடிக்ட் செங். மழைச்சட்டையைக் கழற்றாமலே
ஜெர்மன் நியூகினி இருக்கிறதா என்றார்
மருந்துக்கடையில் கேட்பதுபோல.

இருந்தது. நாலாவது ஆல்பத்தில்,
டோகோவுக்கும் சமோவாவுக்கும் நடுவே.
இடுக்கியால் எடுத்து வைத்தேன்.

தபால்தலை என்கிறோம், இதில் தலை இல்லை.
கப்பல்தான். கைசரின் உல்லாசக் கப்பல்.
டோகோவில் இதே கப்பல், கமரூனில் இதே கப்பல்,
சமோவாவில், சிங்தாவில், எல்லாக் கடலிலும்
ஒரே அலையைக் கிழித்துக்கொண்டு.
ஊர்ப்பெயர் மட்டும் மாறும்.
அது நியூகினிப் பக்கம் போனதாக
நான் எங்கும் படித்ததில்லை.

"என் பூட்டன் இங்கிருந்துதான் ஏறினான்" என்றார்.
"தச்சன். மூன்று வருட ஒப்பந்தம்.
கொப்பரைக் கிடங்குக்குக் கூரை போட."
எந்தக் கப்பல் என்று கேட்டுவிட்டேன்.
"அது எந்தத் தபால்தலையிலும் இல்லை."

பக்கத்தைத் திருப்பினேன், விலை கூடிய பக்கம்.
1914. ஆஸ்திரேலியர்கள் வந்து இறங்கினார்கள்,
தபால்தலை கொண்டுவராமல்.
கையிருப்பில் கிடந்த கைசரின் கப்பல்மேலேயே
ஜி.ஆர்.ஐ. என்று கறுப்பில் மூன்றெழுத்து, சற்றே கோணல்.
ஜார்ஜ், அரசன், பேரரசன்.
அடியில், ஒரு பென்னி.
புகைபோக்கி பேரரசனுக்குப் பின்னால்
புகைந்துகொண்டேதான் இருக்கிறது.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
மேல்தட்டில் எங்கள் ஊர் ஆல்பம் இருக்கிறது:
ஜார்ஜின் தலைமேல் ஜப்பானியச் சிவப்பு முத்திரை
(அந்த ஜார்ஜ் அல்ல, மகன்),
மூன்றரை வருடம் போனபின்
அதே தலைமேல் பிஎம்ஏ மலாயா.
குத்துகிறவனுக்கு
அடியில் இருப்பதைப் படிக்க நேரமில்லை.

ஆயிரம் வெள்ளிப் பக்கத்தை அவர் மூடினார்.
உதிரிப் பெட்டியைக் கிளறி
கிழிந்த ஒன்றை எடுத்தார்:
பச்சை, ஐந்து பெனிக், பல் இல்லாத ஓரம்.
கப்பலின் முன்பாதி போய்விட்டது.
வட்ட முத்திரையில் ஹெர்பர்ட்ஸ் என்பதுவரை தெரிகிறது,
பிறகு கடல்.

"இதில் நல்லதாகவே இன்னொன்று இருக்கிறது" என்றேன்.
"வேண்டாம். அவன் பார்த்தது இவ்வளவுதான்."

எட்டு வெள்ளி. பேநவ்.
ரசீதில் நாடு என்றொரு கட்டம்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
அதைத் தாண்டி, நிலை என்ற கட்டத்தில்
பழுதானது என்று எழுதிக் கொடுத்தேன்.
சரிதான் என்று மடித்து
ஈரச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வாளி நிரம்பியிருந்தது.