ஒன்றரை முழ நாடா

குருநகரில் உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை.
எக்கோப் பெட்டியின் மூடியைக் கழற்றுகையில்
ஆறு ஸ்க்ரூவில் நாலின் தலை முறிந்தது.
உள்ளே கரப்பான் முட்டைகள்,
தகட்டில் பென்சில் எழுத்து:
பெல்ட் மாற்றியது, தை 12.
வருசம் இல்லை.
ரப்பர் உருளை கரும்பாகாய் இளகி
விரலில் ஒட்டி
மூன்று நாள் சோற்றில் மணத்தது.

கிளறன்ஸ் சொன்னான்:
"சனிக்கிழமை பாசையூரில புரோகிராம்.
பெடல் வைச்சும் அடிக்கலாம் அக்கா,
அது சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லும்.
இது கொஞ்சம் பிழையாச் சொல்லும்.
எனக்கு அந்தப் பிழைதான் வேணும்."

பிழையைத் திருத்தாமல் பெட்டியைத் திருத்த வேண்டும்.

வீங்கிய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கினேன்.
லேத் கடை நிமலன் புது உருளை கடைந்தான்,
ஒரு மயிர் தடிப்புக் கூட, திருப்பி அனுப்பினேன்,
முகத்தை நீட்டிக்கொண்டு மறுபடி கடைந்தான்.
ஹெட்டுகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க
பஞ்சு துருநிறமாயிற்று.
துரு அல்ல.
யாரோ வாசித்ததெல்லாம் உதிர்ந்த தூள்.

இந்தப் பெட்டி
கேட்டதை எழுதும், மூன்று தரம் சொல்லும்,
சுற்றி வருமுன் அழித்துவிடும்.
ஆனால் ஓட்டம் நின்ற அன்று
கடைசிச் சுற்றை அழிக்க
யாருமில்லை.

அழிக்கும் ஹெட்டின் வயரைக் கழற்றிவிட்டு
பழைய நாடாவை ஓட விட்டேன்.

இரைச்சல். ஒரு செருமல்.
பிறகு ஓர் ஆண்குரல்:
"அடுத்ததாக உங்கள் முன்"
முன் என்பது மட்டும் கீச்சென ஏறி
குருவிக்குரலாகி அறுந்தது.
கரண்ட் போயிருக்கிறது.
மோட்டர் சோர்ந்து சோர்ந்து நின்றிருக்கிறது.
டக், ஒட்டுப்போட்ட இடம்.
மீண்டும் இரைச்சல், செருமல், அடுத்ததாக.
ஐந்தாம் சுற்றில்
'அடு' உதிர்ந்துவிட்டது.
நிறுத்தினேன்.

கிளறன்சைக் கூப்பிட்டேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.
"ஆர் இது?"
"தெரியாது."
"பாட்டு வருமோ?"
"வராது."
"அப்ப மாத்துங்கோ."

மாற்றினேன்.
புது நாடாவைப் பழையதின் மேல் வைத்து அளந்து
சரிவாக வெட்டி
மூச்சைப் பிடித்து ஒட்டினேன்.
அழிக்கும் வயரைத் திரும்பப் பற்றவைத்தபோது
ஈயப்புகை கண்ணைக் கரித்தது,
அது எப்போதும் கரிப்பதுதான்.

மைக்கைத் தந்து ஏதாவது சொல்லுங்கோ என்றான்.
"ஏழாயிரத்து ஐந்நூறு" என்றேன்.
ஐந்நூறு, ஐந்நூறு, ந்நூறு
என்று சற்றே தள்ளாடியபடி
பெட்டி என் கூலியைச் சொல்லிற்று.
"மூண்டு தரம் கேட்காதேங்கோ அக்கா"
என்று சிரித்தவன்
ஏழாயிரம் தந்து,
மிச்சம் சனிக்கிழமைக்குப் பிறகு என்றான்.

பழைய வளையம் ஆணியில் தொங்குகிறது,
பெல்ட்டுகளோடு.
அடுத்த முறை நீளம் பார்க்க உதவும்.