இடுப்பளவு அலை

ஜனவரியில் பதினோரு நாள்.
விடுப்புப் படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று,
'சேருமிடம்' தவிர.

ஜெபல் அலியில்
நாளெல்லாம் பிறருடைய சரக்குப் பெட்டிகளுக்குச்
சேருமிடம் தட்டச்சு செய்கிறவள் நான்.
மொம்பாசா, கராச்சி, தூத்துக்குடி.
ஒருமுறைகூடக் கை தயங்கியதில்லை.

எட்டடிப் பலகை
அல் நஹ்தா ஃப்ளாட்டின் கூடத்தில் சாய்ந்து நிற்கிறது.
அதன் மூக்கில் ஈரக் காலுறை.
ஆன்ஸிலாவின் வேலை.
வாடகையில் பலகைக்கும் பங்கு கேட்கிறாள்.

குளச்சல் பக்கம் என்றதும்
மீன்குஞ்சைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.
நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள்.
கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சுண்டல்.
நீச்சல் பழகியது போன வருடம்,
முப்பத்து மூன்று வயதில்,
இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக் குளத்தில்.

இன்றைய நிலவரம்:
நுரையலையில் ஐந்துக்கு நான்கு முறை எழுந்து நிற்பேன்.
உடையாத பச்சை அலையில் ஐந்துக்கு ஒன்று,
அதுவும் அது இடப்பக்கம் போனால்.
வலப்பக்கம் திரும்ப வராது.
விழ வரும், நன்றாகவே.

தொடக்கநிலையா, இடைநிலையா என்று
பயிற்சிப் பள்ளிகள் கேட்கின்றன.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதே,
அதன்மேல் முழங்கால் நடுங்க
நின்றுகொண்டிருக்கிறேன் ஐயா.

ஜோவெல் சியர்காவோவுக்குக் கூப்பிட்டான்,
அண்ணன் வீட்டில் படுத்துக்கொள்ளலாமாம், சோறு இலவசம்.
அவன் முழங்காலைப் பார்த்தேன்.
பவளப்பாறை போட்ட கையெழுத்து,
தேதியோடு.

மொராக்கோவுக்கு டிக்கெட் விலை பார்த்தேன்.
தம்பியின் செமஸ்டர் கட்டணத்தோடு
ஒப்பிடக் கூடாதென்று சத்தியம் செய்திருந்தேன்.
ஒப்பிட்டேன்.

பக்கத்து மேசை தர்ஷிகா மட்டக்களப்பு.
"எங்கட பக்கம் இப்ப கடல் சரியில்ல,
தெற்கால வெலிகமைக்குப் போ.
அடியில முழுக்க மணல்தானாம்."
கொஞ்சநேரம் கணினியையே பார்த்திருந்துவிட்டு,
"இறங்கப்போறன் எண்டு எனக்குச் சொல்லாத.
வெளிய வந்த பிறகு சொல்லு."

செவ்வாய் இரவு ஷமால் எழுந்தது.
பால்கனிக் கதவு ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்தது.
ஆறு மணிக்கு உம் சுகைம்.
மூன்று வாரமாய் இஸ்திரி போட்ட துணிபோல் கிடந்த கடல்
கசங்கிப் போயிருந்தது.
இருபது பேர், எல்லோர் கண்ணிலும் மணல்,
எல்லோருக்கும் ஒன்பது மணிக்கு அலுவலகம்.

முதலில் வந்தது என் அலை.
இடுப்பளவு. இடப்பக்கம்.
எழுந்தேன்.
நான்கு நொடி இருக்கும்,
பலகைக்கடியில் சீலை கிழிகிற சத்தம்.
அந்த நான்கு நொடியில்
சியர்காவோ, மொராக்கோ, மாலத்தீவு
எல்லாவற்றுக்கும் மனத்துக்குள் டிக்கெட் போட்டேன்.

அடுத்தது தோளளவு.
துடுப்புப் போட்டதே தப்பு.
உள்ளே எது மேல், எது கீழ்?
தமிழில் எண்ணினேன், ஏழு வரை.
எட்டில் காற்று.
பலகை என்னைக் கணுக்காலில் கட்டி இழுத்துக்கொண்டு
கரைக்குப் போனது,
வீடு திரும்புகிற மாடு மாதிரி.

மணலில் உட்கார்ந்து இருமினேன்.
பயமா என்றால் பயம்தான்.
ஆனால் எழுந்து பார்த்த கண்
தோளளவைத் தேடவில்லை,
அதன் பின்னால் சின்னதாய் வந்த
இடுப்பளவைத் தேடியது.

பத்தரை மணிக்குப் படிவத்தின்மேல் குனிந்தபோது
மூக்கிலிருந்து கடல் கொட்டியது,
முன்னறிவிப்பில்லாமல், ஒரு கரண்டி அளவு,
நேராக அந்தக் காலிக் கட்டத்தில்.

டிஷ்யூவால் ஒற்றினேன்.
காகிதம் கொஞ்சம் ஊதியிருந்தது.
அதன்மேல் அழுத்தாமல் எழுதினேன்:
வெலிகமை.

"ஜலதோஷமா?" என்றார் மேலாளர்.
ஆமாம் சார்.
தர்ஷிகா தலையை நிமிர்த்தவில்லை.
"வெளிய வந்துட்டன்" என்றேன்.