பதினான்கு மில்லிமீற்றர்

கண்ணுக்குத் தெரிகிறது, கமெராவுக்குத் தெரியவில்லை.
மூன்று இரவாய் இதே வழக்கு.

நன்கொடையாய் வந்த நாள்முதல்
பள்ளிக்கூட அலுமாரியில் பெட்டியோடு கிடந்த தொலைநோக்கி.
"கலியாணம் எடுக்கிற கமெராதானே, கொழுவிப் பாருங்கோவன்"
என்றா விஞ்ஞான ரீச்சர் கேதாரகௌரி.
கொழுவினேன்.
குவியச் சக்கரத்தை உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே திருக
இரும்பு இரும்போடு முட்டி நின்றது.
திரையில் நிலவு
பாலில் தோய்த்த பஞ்சு.

பறுவத்தன்று கமெராவைக் கழற்றிவிட்டுக்
குழாய் வாய்க்கு நேரே எண்ணெய்க் கடதாசி பிடித்தேன்.
கொஞ்சம் கிட்ட. கொஞ்சம் எட்ட.
ஓரிடத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
கடதாசியில் நிலவு கூராய் இறங்கியது.
அடிமட்டம் வைத்தேன். நாற்பத்தொரு மில்லிமீற்றர்.
கமெராவின் சென்சர் இருப்பதோ ஐம்பத்தைந்தில்.
ஒரு சந்தி முந்தியே இறங்கிப்போன ஆளுக்கு
மல்லாவிச் சந்தியில் குடையோடு நின்றிருக்கிறேன்
மூன்று இரவும்.

"குழாயில பதினாலை வெட்டுவம்" என்றான் லேத் அமலதாஸ்.
வாளையும் எடுத்துவிட்டான்.
பள்ளிக்கூடச் சொத்தடா.
அடிக்கண்ணாடியைத் தாங்கும் மூன்று ஆணிகளைக் கழற்றி
நீள ஆணி போட்டோம். இடையில்
மோட்டார்சைக்கிள் கிளச் ஸ்பிரிங் மூன்று.
கண்ணாடி பதினான்கு ஏறியது.
வெட்டாமலே குழாய் குட்டையானது.

ஞாயிறு காலை, வவுனிக்குளக் கட்டு.
(வயலில் வைத்தால் சூடு கிளம்பிச் சூரியனே நெளியும்;
தண்ணீர்ப் பக்கம் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.)
சூரியனுக்கென்றே வந்த வடிகட்டித் தாளை
முன்வாயில் இறுக்கி, ஓட்டை உண்டோ என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
வெயிலில் திரை தெரியவில்லை. கறுப்புத் துணியால்
தலையை மூடிக்கொண்டு குனிந்தேன்.

துணிக்குள் இருந்ததால்
தோய்க்கிற சத்தம் நின்றது பிந்தித்தான் கேட்டது.

விலக்கிப் பார்த்தேன்.
கீழ்ப்படியில் ஒரு அக்கா,
நனைந்த இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்தபடி
சவர்க்காரத்தை விட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்தா.
அவ நின்ற இடத்திலிருந்து
மூன்று காலில் வானத்தைப் பார்க்கிற குழாய்
என்னவாய்த் தெரியும் என்று
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, சூரியன் பாக்கிறன்!"

அவ குழாயைப் பார்த்தா. பிறகு சூரியனை.
"அதுக்கு ஏன் குழாய்?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
பெரியவன் மட்டும் கையை உருவிக்கொண்டு வந்தான்.
துணியின் ஒரு முனையைப் பிடி என்றேன். பிடித்தான்.
அவன் முழங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர்
என் கழுத்தில்.

சக்கரத்தைத் தொட்டாலே சூரியன் முழுதும் ஆடும்.
தொடு, விடு, அடங்கட்டும், பார்.
விளிம்பு தடித்தது, மெலிந்தது,
தாண்டிப்போய் மறுபடி தடித்தது.
அரைநூல் பின்னுக்கு.
எள்ளளவு கறுப்பு ஒன்று நடுவுக்குச் சற்றுக் கீழே,
அதைச் சுற்றி இமைமயிர்போல் மெல்லிய சாம்பல்.
பூட்டாணியை இறுக்கினேன். இறுக்கியதில் நழுவியது.
மறுபடி.
இந்தமுறை பூட்டவில்லை; மூச்சையும் விடவில்லை.
பத்து விநாடித் தாமதத்தில் போட்டுக் கையை எடுத்தேன்.
பொடியன் தனக்குள் எண்ணினான், ஏழு, எட்டு,
அவனுடைய ஒன்பது கொஞ்சம் நீளம்.

க்ளிக்.

கீழே தோய்க்கிற சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.
எப்போது தொடங்கியது, தெரியாது.

பத்தரைக்கு யோகபுரத்தில் தாலிகட்டு.
அவசரத்தில் மெமரி கார்ட்டை மாற்ற மறந்துபோனேன்.
அல்பத்துக்குப் படம் தெரிய வந்த பெண்ணின் மாமி
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு போனவ
முதல் மாலைக்கு முன்னால் நின்றுவிட்டா.
ஓரம் சற்றே கருகிய வெள்ளை வட்டம், அதில் ஒரு புள்ளி.

"இதென்ன தம்பி, அப்பமோ?"

ஓம் மாமி என்றேன்.
"நல்லாய் விழுந்திருக்கு," என்றுவிட்டு
அடுத்ததைத் தட்டினா.